ஒளி சொல்லும் சேதி: தோல் புற்றுநோயும் நிறமாலையும்

முதலாமாண்டு இயற்பியல் லேபில் ஸ்பெக்ட்ரோமீட்டரைத் தொடாத டிப்ளமோ மாணவர் இருக்க முடியாது. சோடியம் விளக்கை ஏற்றி, முப்பட்டகத்தை மேடையில் வைத்து, தொலைநோக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வெர்னியர் அளவெடுத்து, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கியதோடு அந்தக் கருவியை மறந்து விடுகிறோம். "இதைப் படிச்சு என்னத்தப் பண்ணப் போறோம்?" என்று கேட்காத மாணவர் உண்டா?

அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் இந்தக் கட்டுரை. ஒளியை அதன் நிறங்களாகப் பிரித்து அளக்கும் அதே தத்துவத்தை வைத்து, உடம்பில் உள்ள ஒரு மச்சம் வெறும் மச்சமா அல்லது புற்றுநோயின் தொடக்கமா என்று ஊகிக்கும் கருவிகள் வந்துவிட்டன. கையில் அடங்கும் அப்படியொரு கருவிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 ஜனவரியில் அனுமதி வழங்கியது. அதன் பெயர் டெர்மாசென்சர். இவை எப்படி வேலை செய்கின்றன, எந்த அளவுக்கு நம்பலாம், நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்களுக்கு இவை எவ்வளவு உதவும் என்று பார்ப்போம். கடைசிக் கேள்விதான் மிக முக்கியமானது.

1. தோலில் வரும் மூன்று புற்றுகள்

நம் தோல் இரண்டு அடுக்கு. வெளியே மேல்தோல், அதன் கீழே உள்தோல். மேல்தோலின் அடிப்பகுதியில் மெலனின் என்ற கறுப்பு நிறமியைத் தயாரிக்கும் செல்கள் இருக்கின்றன. உள்தோலில் ரத்தக் குழாய்களும், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற நார்ப்பொருளும் இருக்கின்றன. மெலனின், ரத்தம், கொலாஜன் ஆகிய மூன்றையும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். ஒளியோடு விளையாடப் போகிறவை இவைதாம்.

தோல் புற்றில் முக்கியமானவை மூன்று. அடித்தளச் செல் புற்று உலகில் அதிகம் பேருக்கு வருவது. மெதுவாக வளரும், உயிரைக் குடிப்பது அபூர்வம். செதிள் செல் புற்று அதைவிடக் கொஞ்சம் மோசம். மூன்றாவது மெலனோமா, நிறமி தயாரிக்கும் செல்களிலேயே தோன்றுவது. எண்ணிக்கையில் குறைவு, ஆனால் தோல் புற்றால் ஏற்படும் சாவுகளில் கணிசமான பகுதி இதனால்தான்.

மெலனோமாவில் எல்லாம் ஆழத்தைப் பொறுத்தது. தோலுக்குள் அது எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதே நோயாளியின் கதியைத் தீர்மானிக்கிறது என்று 1970-ல் பிரெஸ்லோ என்ற அமெரிக்க மருத்துவர் காட்டினார். அமெரிக்கக் கணக்கின்படி, நோய் தோலோடு நிற்கும்போதே பிடித்துவிட்டால் ஐந்தாண்டு கழித்தும் பிழைத்திருப்போர் 100-க்கு 99 பேருக்கு மேல். தூரத்து உறுப்புகளுக்குப் பரவிய பிறகு என்றால் ஏறக்குறைய 35 பேர்தான். வித்தியாசம் சில மில்லிமீட்டரும் சில மாதங்களும்!

இன்றைக்கும் உறுதியான தீர்ப்பு பயாப்ஸிதான். சந்தேகமான இடத்தில் சிறிது சதையை வெட்டியெடுத்து, நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வார்கள். ஆனால் எல்லா மச்சத்தையும் வெட்டிப் பார்க்க முடியுமா? எதை வெட்டுவது, எதை விடுவது? அந்த முடிவுக்குத் துணை செய்யத்தான் ஒளி வருகிறது.

2. தோலுக்குள் போகும் ஒளி என்ன ஆகிறது?

ஒரு சின்னச் சோதனை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சின் மேல் விரலை அழுத்தி வையுங்கள். விரல் செக்கச்செவேல் என்று ஒளிரும். டார்ச் தருவது வெள்ளை ஒளி; வெளியே வருவது சிவப்பு. மற்ற நிறங்கள் எங்கே போயின? ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிட்டது. சிவப்பை அது அதிகம் தொடுவதில்லை. இதுதான் உட்கவர்தல். ஆக்சிஜன் சுமந்த ஹீமோகுளோபின் 542, 577 நானோமீட்டர் அலைநீளங்களில் தனி ருசியோடு ஒளியை விழுங்கும். வரைபடத்தில் அந்த இடங்களில் இரண்டு மேடுகள் தெரியும். ஆக்சிஜனை இறக்கி வைத்துவிட்டால் இரண்டு மேடும் சேர்ந்து ஒன்றாகிவிடும். ஆக, வரைபடத்தைப் பார்த்தே ரத்தம் எவ்வளவு, அதில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லலாம்.

மெலனினுக்கு இப்படி மேடு எதுவும் கிடையாது. புற ஊதாவில் மிக அதிகமாக விழுங்கி, சிவப்பை நோக்கிப் போகப் போகக் குறைந்துகொண்டே வரும் ஒரு சரிவு, அவ்வளவுதான்.

இன்னொரு சோதனை. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நாலு சொட்டுப் பால் விட்டு, பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். ஒளி நேராகப் போகாமல் டம்ளர் முழுக்கப் பரவும். பாலில் உள்ள கொழுப்புத் துகள்கள் ஒளியை நாலாபக்கமும் தள்ளிவிடுகின்றன. இது சிதறல். தோலிலும் இதே கதைதான். மேற்பரப்பில் சுமார் 4 சதவீதம் ஒளி கண்ணாடியில் படுவது போலத் திரும்பிவிடும். மீதி உள்ளே போய், கொலாஜன் நார்களிலும் செல்களின் உட்கருக்களிலும் முட்டி மோதி, வழியில் ரத்தத்துக்கும் மெலனினுக்கும் வரி கட்டி, மிச்சம் மீதி வெளியே வரும். அந்த மிச்சத்தில் உள்ளே நடந்ததன் கணக்கு முழுதும் எழுதியிருக்கிறது. அதைப் படிப்பதே நிறமாலையியல்.

3. படிக்கும் மூன்று வழிகள்

(அ) மீள்சிதறல் முறை: வெள்ளை ஒளியைத் தோலில் செலுத்தி, திரும்பி வரும் ஒளியை அலைநீளவாரியாக அளப்பது. புற்றுச் செல்களில் உட்கரு பெருத்தும் ஒழுங்கில்லாமலும் இருக்கும். துகளின் அளவு மாறினால் சிதறும் விதமும் மாறும். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் இர்விங் பிஜியோ போன்றோர் பல ஆண்டுகள் வளர்த்த இந்த முறைதான் டெர்மாசென்சரின் அடிப்படை.

(ஆ) ஒளிர்தல் முறை: சில பொருள்கள் குறைந்த அலைநீள ஒளியை வாங்கி, அதிக அலைநீள ஒளியாகத் திருப்பித் தரும். 1903-ல் ராபர்ட் வுட் உருவாக்கிய வடிகட்டியை வைத்துச் செய்த புற ஊதா விளக்கு, இன்றும் 'வுட்ஸ் விளக்கு' என்ற பெயரில் தோல் மருத்துவரின் மேசையில் இருக்கிறது. கொலாஜனை 340 நானோமீட்டர் அருகே தூண்டினால் சுமார் 400-ல் ஒளிரும். புற்று வளரும் இடத்தில் கொலாஜன் சிதைவதால் அந்த ஒளிர்வு பல சமயம் குறைகிறது. சில இடங்களில் ஒரு மருந்துக் களிம்பைத் தடவி வைப்பார்கள். புற்றுச் செல்கள் அதை போர்பிரின் என்ற பொருளாக மாற்றிச் சேர்த்துக்கொள்ளும். பிறகு நீல ஊதா ஒளியைக் காட்டினால், அந்த இடம் மட்டும் 635 நானோமீட்டர் அருகே சிவப்பாக மின்னும்.

(இ) ராமன் முறை: திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமனும், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனும் கல்கத்தாவில் 1928-ல் கண்ட விளைவு. சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி, சுமார் ஒரு கோடிக்கு ஒன்று என்ற அளவில், மூலக்கூறின் அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வெளியே வரும். எவ்வளவு மாறியது என்று பார்த்தால் எந்த மூலக்கூறு என்று தெரியும். ஆளுக்கு ஆள் கைரேகை வேறு என்பது போல.

கணக்குப் போட்டுப் பாருங்கள். லேசரின் அலைநீளம் 785 நானோமீட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலை? 1,00,00,000-ஐ 785-ஆல் வகுத்தால் 12,739. புரதத்தின் ஒரு முக்கிய அதிர்வு 1,655. கழித்தால் 11,084. மறுபடி 1,00,00,000-ஐ இதனால் வகுத்தால் 902 நானோமீட்டர். ஆக, 785-ல் லேசர் அடித்து 902-ல் ஒரு மேடு தெரிந்தால் அங்கே புரதம் இருக்கிறது. 785 ஏன்? கண்ணுக்குத் தெரியும் ஒளியில் தோலின் சொந்த ஒளிர்வு அதிகமாகி ராமன் சமிக்ஞையை மூழ்கடித்துவிடும். ரொம்பவும் அகச்சிவப்புக்குப் போனால் சிலிக்கான் உணர்விக்குக் கண் தெரியாது. நடுவாந்திரமாக ஒரு சமரசம்.

கனடாவின் வான்கூவர் ஆய்வாளர்கள் 453 நோயாளிகளிடம் 518 தோல் மாற்றங்களை இந்த முறையில் அளந்து 2012-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு அளவுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. ராமன் சமிக்ஞை எவ்வளவு பலவீனமானது என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்த ஒரு நொடியின் அருமை புரியும்.

4. கருவிக்குள்ளே

உள்ளே இருப்பதெல்லாம் நமக்குத் தெரிந்த சாமான்கள்தாம். ஒரு ஒளிமூலம், ஒளியைக் கொண்டு போய்க் கொண்டு வர ஒளியிழை, நிறம் பிரிக்கக் கீற்றணி, அளக்க ஒரு உணர்வி வரிசை, கணக்குப் போட ஒரு மைக்ரோ பிராசசர். கீற்றணி வேண்டுமா? வீட்டில் கிடக்கும் பழைய சி.டி. போதும். அதன் தடங்களுக்கு இடையே 1,600 நானோமீட்டர். நேர்க்குத்தாக விழும் ஒளியில், டியூப்லைட்டின் பச்சைக் கோடு (546 நானோமீட்டர்) எந்தக் கோணத்தில் வரும்? சைன் மதிப்பு 546-ஐ 1,600-ஆல் வகுத்தால் 0.341, கோணம் 20 டிகிரி. அட்டைப் பெட்டியில் ஒரு பிளவு வெட்டிச் செய்து பாருங்கள். லேசரையும் சூரியனையும் மட்டும் இதில் பார்க்காதீர்கள், கண் போய்விடும்.

இவ்வளவும் சுலபம். கஷ்டமான பகுதி அளவுத்திருத்தம், அதாவது காலிபரேஷன். விளக்கு இன்று கொஞ்சம் மங்கலாகவும் நாளை கொஞ்சம் பிரகாசமாகவும் எரியும். அதனால் மூன்று அளவு எடுப்பார்கள்: விளக்கு அணைந்த நிலையில் ஒன்று, வெள்ளைத் தகட்டில் ஒன்று, தோலில் ஒன்று. உதாரணமாக இருட்டில் 200, வெள்ளையில் 4,200, தோலில் 1,800 என்று வைத்துக்கொண்டால், தோலின் எதிரொளிப்பு (1,800 − 200) ÷ (4,200 − 200) = 0.40. இதை ஒவ்வொரு அலைநீளத்துக்கும் செய்தால் ஒரு வளைகோடு கிடைக்கும்.

அந்த வளைகோடு புற்றுநோயா இல்லையா என்று யார் சொல்வது? அதற்கு இரண்டாவது அளவுத்திருத்தம் வேண்டும். பயாப்ஸியில் முடிவு தெரிந்த நூற்றுக்கணக்கான வளைகோடுகளைக் கணினிக்குக் காட்டி, "இது நோய், இது நோயில்லை" என்று பழக்குவார்கள். புதிதாக ஒன்று வந்தால் எதைப்போல இருக்கிறது என்று கணினி ஒப்பிடும். இங்கேதான் விஷயம் இருக்கிறது. யாருடைய தோலைக் காட்டிப் பழக்கினார்கள்?

5. நூற்றுக்கு எத்தனை மார்க்?

அதற்குப் போகும் முன் கருவியின் மார்க் ஷீட்டைப் பார்ப்போம். நோயறி கருவிக்கு இரண்டு பாடம் உண்டு. நோயுள்ளதை 'நோய்' என்று பிடிப்பது முதல் பாடம். நோயில்லாததை 'இல்லை' என்று விடுவிப்பது இரண்டாவது. இரண்டிலும் தேற வேண்டும்.

டெர்மாசென்சர் அனுமதிக்கு ஆதாரமான ஆய்வில் 1,579 தோல் மாற்றங்கள். அவற்றில் புற்று 224. கருவி முதல் பாடத்தில் 95.5 சதவீதம், இரண்டாவதில் 20.7 சதவீதம். இதை ஆள்கணக்காக மாற்றினால்:

புற்று 224-ல் பிடித்தது 214. கோட்டை விட்டது 10.
புற்றில்லாத 1,355-ல் விடுவித்தது 280. வீணாகச் சந்தேகப்பட்டது 1,075.

ஆகவே கருவி "பயமில்லை" என்று சொன்ன 290-ல் 280 உண்மையிலேயே பயமில்லாதவை. சுமார் 97 சதவீதம் நம்பலாம். ஆனால் "சந்தேகம்" என்று சொன்ன 1,289-ல் 214 மட்டுமே புற்று, ஆறில் ஒன்று. அதாவது இந்தக் கருவி "சந்தேகம்" என்றால் புற்றுநோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, நிபுணரைப் பாருங்கள் என்றுதான் அர்த்தம். முதல் பாடத்தில் மார்க்கைக் கூட்டினால் இரண்டாவதில் குறையும். இது எல்லாக் கருவிக்கும் உள்ள தலையெழுத்து. வான்கூவர் ராமன் ஆய்விலும் முதல் மார்க்கை 95 முதல் 99 வரை வைத்தபோது இரண்டாவது 15 முதல் 54 வரைதான் கிடைத்தது.

ஒரு வீட்டுக் கணக்கு. இதே கருவியைத் தெருவில் போகிறவர்களின் 1,000 மச்சங்களில் வைக்கிறோம். அவற்றில் புற்று 10 என்று வைத்துக்கொள்வோம். பிடிபடுவது 9 அல்லது 10. வீண் சந்தேகம்? 990-ல் 79.3 சதவீதம், அதாவது 785! ஊரே பீதியில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும். அதனால்தான் 40 வயதுக்கு மேற்பட்டோரிடம், மருத்துவர் ஏற்கெனவே சந்தேகப்பட்ட இடத்தில் மட்டும் என்று அனுமதியைக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள்.

6. கறுத்த தோலும் கருவியும்

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். மெலனின் நமக்கு இயற்கை கொடுத்த குடை. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பதால் நம்மில் தோல் புற்று குறைவு. ஆனால் ஒளிக்கருவிக்கு அதே குடை ஒரு தடுப்பு. போகும்போதும் வரும்போதும் மெலனின் ஒளியை விழுங்குவதால், உணர்விக்குக் கிடைக்கும் சமிக்ஞை குறைந்து இரைச்சல் மிஞ்சுகிறது. வெள்ளைத் தோலில் பழகிய கணினி, நம் தோலின் சாதாரணச் சரிவையே நோய் என்று நினைக்கலாம். அல்லது நோயைச் சாதாரணம் என்று விட்டுவிடலாம்.

இது வெறும் ஊகமா? இதே இயற்பியலில் வேலை செய்யும் இன்னொரு கருவியைப் பாருங்கள். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த பல்ஸ் ஆக்சிமீட்டர், 660, 940 நானோமீட்டர் ஆகிய இரண்டு ஒளிகளை விரலுக்குள் அனுப்பி ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கிறது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய அமெரிக்க நோயாளிகளின் ரத்தத்தை நேரடியாகப் பரிசோதித்தபோது, 88-க்கும் கீழே இருந்தவை வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். 2020-ல் வெளிவந்த இந்த ஆய்வுக்குப் பிறகே உலகம் விழித்தது. அதற்குள் எத்தனை வருடம் இந்தக் கருவியை விரலில் மாட்டிக்கொண்டிருந்தோம்!

அடுத்தது இடம். நம்மைப் போன்றவர்களுக்கு மெலனோமா வந்தால், வெயில் படும் முகத்தைவிட உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகியவற்றில்தான் பெரும்பாலும் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால் பெருவிரலில் கண்டுபிடித்தது இதைத்தான். 1981-ல் 36 வயதில் இறந்து போனார். பழைய தீக்காயத் தழும்பிலும், வருடக்கணக்கில் ஆறாத புண்ணிலும் செதிள் செல் புற்று வருவதுண்டு. காஷ்மீரத்தில் குளிருக்காக அங்கிக்குள் காங்கிரி என்ற கணப்புச் சட்டியை வைத்துக்கொள்பவர்களுக்குத் தொடையிலும் வயிற்றிலும் வரும் புற்றுக்கு 'காங்கிரி புற்று' என்றே பெயர்.

இனி மெலாஃபைண்ட் என்ற கருவியின் கதையைக் கேளுங்கள். 430 முதல் 950 நானோமீட்டர் வரை பத்து அலைநீளங்களில் மச்சத்தைப் படமெடுக்கும் கருவி. 2011-ல் அமெரிக்க அனுமதி பெற்றது. ஆய்வில் 127 மெலனோமாக்களில் 125-ஐப் பிடித்தது, பிரமாதம். ஆனால் இரண்டாவது பாடத்தில் சுமார் 10 சதவீதம்தான். எங்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது என்று அதன் விதிகளில் ஒரு பட்டியல்: உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி, தழும்புள்ள இடம், புண்ணான இடம். நமக்கு எங்கெல்லாம் வருமோ அங்கெல்லாம் அந்தக் கருவிக்கு வேலை இல்லை! 2017-ல் அது சந்தையை விட்டே போய்விட்டது.

டெர்மாசென்சருக்கு அனுமதி கொடுத்தபோதும், முந்தைய ஆய்வுகளில் மெலனோமா நோயாளிகள் குறைவாக இடம்பெற்ற மக்கள் பிரிவினரிடம் மேலும் சோதித்துக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள். நல்ல நிபந்தனை. ஆனால் அந்தச் சோதனை அமெரிக்க மக்கள்தொகையை மனத்தில் வைத்து நடப்பது. நம் தோலுக்கான வளைகோடுகளை நாம்தான் சேகரிக்க வேண்டும். வெள்ளைத் தகட்டை வேறொருவர் கொடுக்கலாம். தோலை வேறொருவர் கொடுக்க முடியாது.

7. அதுவரை நம் கண்ணே கருவி

ஆகவே, கருவி வரும் வரை காத்திருக்க வேண்டாம். குளிக்கும்போது மாதம் ஒருமுறை உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். வயல் வேலை, செருப்பில்லாத நடை என்று காய்த்துப்போன பாதம் கொண்ட அப்பா அம்மாவுக்கு நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். கவனிக்க வேண்டியவை:

- மச்சத்தின் ஒரு பாதி மறுபாதியைப் போல இல்லாமை
- ஓரம் நறுக்கென்று இல்லாமல் கிழிந்தாற்போல் இருத்தல்
- ஒரே மச்சத்தில் இரண்டு மூன்று நிறம்
- 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம்
- சமீபத்தில் பெரிதாதல், நிறம் மாறுதல், அரிப்பு, ரத்தக் கசிவு
- நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகிக்கொண்டே வரும் கறுப்புப் பட்டை
- வாரக்கணக்கில் ஆறாத புண். பழைய தீக்காயத் தழும்பில் திடீரென்று கிளம்பும் புண் அல்லது கட்டி

இவற்றில் ஒன்று இருந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. தோல் மருத்துவரிடம் போக வேண்டும் என்று அர்த்தம். "ஆணி குத்தினது, தானா ஆறிடும்" என்று மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டு மாதங்களைக் கடத்துவதுதான் ஆபத்து.

முடிவுரை

மாணவ நண்பர்களே! ஒளிமூலமும் கீற்றணியும் உணர்வியும் இன்று கடையில் கிடைக்கின்றன. அவற்றை இணைத்து ஒரு பெட்டியில் வைப்பது இறுதியாண்டு புராஜெக்டிலேயே முடியக்கூடிய காரியம். அந்தப் பெட்டி காட்டும் எண்ணை நம்பி ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா, வீட்டில் இருக்கலாமா என்று முடிவு செய்கிறபோதுதான் அது கருவியாகிறது. எனவே எந்த மீட்டரைக் கையில் எடுத்தாலும், எதை வைத்து, யாரை வைத்து அளவுத்திருத்தம் செய்தார்கள் என்று முதலில் கேளுங்கள். கருவியியல் படித்தவர் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?